எழுபத்திரண்டில் ஒரு பங்கு

இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தின் மேல் ஓடிய ராட்சதப் பீரங்கி அது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாடல் செய்துதரும் வளவன், அதை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்து முடிக்க நான்கு மாதமானது. கேட்டவர், கிரிவலப் பாதையில் இருபது வருடமாகத் தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பெரியவர் பீட்டர்.

"ஒரு ஆணி கம்மியானாலும் போட்டோவைக் காட்டி சண்டைக்கு வர்றாரு" என்றான் வளவன்.

"அவங்க அப்பா சுட்ட பீரங்கியா இருக்கும். பாசம் இருக்காதா?" என்ற மனைவி திரௌபதி, புது வண்டிக்குச் செய்வதுபோல் பீரங்கிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். சக்கரத்தைவிடப் பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றையும் அடியில் வைத்தாள்.

பீட்டர் வந்தார். குங்குமத்தையே பார்த்தபடி நின்றார்.

"உங்க அப்பா சுட்டதுங்களா ஐயா?" என்றாள் திரௌபதி.

"இல்லம்மா. எங்க அம்மா மேல சுட்டது. அப்போ எனக்கு அஞ்சு வயசு."

திரௌபதி பதறிப்போய் முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும் தம்பி. இதே அளவுல ஒரு வீடு செய்யணும். ஜன்னல்கிட்ட ஒரு அம்மா. அது என் ரூம்ல இருக்கும்."

"ரெண்டும் பக்கத்துல இருந்தாத்தானே ஐயா நல்லா இருக்கும்?" என்றான் வளவன்.

"பீரங்கிக்கும் வீட்டுக்கும் அறுபது கிலோமீட்டர். எழுபத்திரண்டுல ஒரு பங்குன்னா எண்ணூத்தி முப்பது மீட்டர். இங்கேருந்து என் ரூம் அவ்ளோ தூரம்தான். அதுக்காகத்தான் இந்த அளவு கேட்டேன்."

வளவன் வாசலுக்கு வந்து, அவர் ரூம் இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்தான். கடைகளும் ஆட்டோக்களும்தான் தெரிந்தன.

"தெரியாது தம்பி" என்றார் பீட்டர். "சுட்டவங்களுக்கும் தெரியல."