மேசை மேல் ஒரு படை

எதிரி உள்ளே வந்து போயிருக்கிறான். அதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. காலையில் ஜன்னலைப் பார்த்து நின்ற முரசுக்காரன் இப்போது சுவரைப் பார்த்து நிற்கிறான்.

பக்கத்தில் நின்ற குதிரைப்படையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரல் உயரப் பொம்மை வீரர்கள். வாள் உடையவில்லை, கொடி வளையவில்லை. ஆனால் அவர் படுக்க வைத்திருந்த தூரிகை, கழுவித் துடைத்துக் குவளையில் நிமிர்ந்து நின்றது.

"நான் மதியம் கண்ணசர்ற நேரம் பாத்து எவனோ என் படையில கை வெக்கிறான்" என்று பக்கத்து அறைக்குக் குரல் கொடுத்தார்.

மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. "பொம்மையத் திருட யாருங்க வரப்போறா?"

"பொம்மையா? பழைய காலத்துப் படைடி! பொத்தான் நிறம் முதக்கொண்டு புத்தகத்துல பாத்துப் பூசினது. ஞாயித்துக்கிழமை போர் விளையாட்டுல இதை மேசையில எறக்கிப் பகடைய உருட்டினேன்னா, உன் தம்பி படை ஓட்டம் பிடிக்கும்."

மாடியில் குடியிருக்கும் அந்த மைத்துனன் மேல்தான் அவருக்குக் கண். வீட்டின் இன்னொரு சாவி அவனிடம் இருக்கிறது. பொம்மைப் போர்ப் போட்டியில் அழகான படைக்குத் தரும் கோப்பை வருஷா வருஷம் இவர் அலமாரிக்கே வந்து சேர்வதில் அவனுக்கு வயிற்றெரிச்சல் வேறு.

சாயங்காலம் அவனே வந்தான். பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தான்.

"எப்படி மாமா, கடுகத்தனை மூஞ்சியில கண்ணு இவ்வளவு நேரா? என் ஆளுங்க எல்லாம் மாறுகண்ணு போட்டு முழிக்கிறானுங்க."

"வெக்கும்போது எனக்கும் கோணலாத்தான் இருக்கும் மாப்ளே. சாயம் காயணும். காய்ஞ்சா தானா அடங்கி நேராயிடும்."

"எனக்குக் காய்ஞ்சாலும் கோணல்தான்!"

"அதுக்கெல்லாம் ஒரு கை வேணும்டா" என்று சிரித்தபடி டீயை மேசையில் வைத்தார். பாதி தட்டில் சிந்தியது. "இந்த மேசை ஒண்ணு, ஆடித் தொலைக்குது. நாலு காலுக்கும் அட்டை வெச்சுப் பாத்துட்டேன்."

மைத்துனன் மேசையை அழுத்திப் பார்த்தான். பிறகு கதவருகே வந்து நின்ற அக்காவைப் பார்த்தான். இருவரும் ஒரு நொடி கண்ணாலேயே பேசிக்கொண்டது அவருக்குத் தப்பவில்லை.

ஓஹோ! வேலியே பயிரை மேய்கிறதா?

மறுநாள் காலை தளபதி பொம்மைக்குத் தூரிகையால் கண் வைத்தார். மதியம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பொய்க் குறட்டை விட்டார். சற்று நேரத்தில் தையல் மெஷின் ஓசை நின்றது. தம்பிக்குச் சைகை கொடுக்கப் போகிறாள்!

பூனை மாதிரி நடந்துபோய்ப் படை இருந்த அறையின் கதவைத் தள்ளினார். கையும் களவுமாகப் பிடிபட்டது மைத்துனன் இல்லை. மேசை முன்னால் அவர் மனைவி உட்கார்ந்து, தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டிருந்தாள். அவள் இடது கையில் தளபதி.

"நீயா? கூடப் பொறந்தவன் ஜெயிக்கணும்னு என் படையக் கெடுக்கிறியா?"

அவள் தளபதியைப் பூதக்கண்ணாடிக்கு நேரே பிடித்துக் காட்டினாள். ஒரு கண் அழகாக, நேராக இருந்தது. அவள் இன்னும் தொடாத மறு கண், கன்னத்தைத் தாண்டிக் காதுவரை இழுபட்டுக் கிடந்தது.

"அது... அது இன்னும் காயலை" என்றார். "காலையில மேசை வேற ரொம்ப ஆடிச்சு. குடு இப்படி, நானே வெக்கிறேன்."

தூரிகையை வாங்கிக் குனிந்தார். நுனி தளபதியின் முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர, கண்ணில் போய் உட்காரவில்லை. பக்கத்திலேயே தூரிகை கழுவும் கிண்ணம். விளிம்புவரை நிறைந்திருந்த தண்ணீரில் ஒரு சின்ன அலைகூட இல்லை.

அவள் மெல்ல அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மேசை ஆடலைங்க."