வாரம் ஒரு பாட்டில் கசடு

“இதுல பாதி மண்ணு. மில்லுக்குள்ள இருக்கற தொட்டியிலேருந்துதானே எடுக்கச் சொன்னேன்?”

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தேவிப்ரியா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எதிரே ஈரப் புடவையோடு பச்சையம்மாள் நின்றிருந்தாள்.

“அடுத்த வாட்டி நல்லதா கொண்டாறேன் பாப்பா.”

“மூணு மாசமா இதையேதான் சொல்றீங்க. முன்ன எட்டு மணிக்கே வந்துடுவீங்க. இப்ப மணி பதினொண்ணு.”

“கார்த்திகை தீபக் கூட்டம் ஜாஸ்தி. பஸ்ஸு வேங்கிக்கால்லயே நின்னுடுச்சு. நடந்துதான் வந்தேன்.”

தேவிப்ரியாவின் ஆராய்ச்சியே அந்த எண்ணெய் மில்லின் கழிவை நம்பித்தான் இருந்தது. கசடில் வளரும் ஈஸ்ட் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து எண்ணெயைக் கரைக்கும் என்சைம் எடுக்க வேண்டும். கசடு கேட்டுப் போனபோது, ஏரி கெடுவதாகக் கேஸ் போடத்தான் கேட்கிறாள் என்று பயந்து, மில் முதலாளி கேட்டிலேயே மறுத்துவிட்டார். அங்கே கூட்டிப் பெருக்கும் பச்சையம்மாள்தான் அன்று பின்னாலேயே ஓடி வந்தாள்.

“அந்த மருந்து எங்க ஏரியில மெதக்குற எண்ணெயையும் கரைக்குமா பாப்பா?”

“கிடைச்சா கரைக்கும்க்கா.”

“அப்ப நான் எடுத்தாறேன்.”

முதல் இரண்டு வாரம் நல்ல கசடாக வந்தது. அதன் பிறகு எல்லாமே மண்ணும் தண்ணீரும்தான்; இன்றைய பாட்டிலும் அப்படித்தான்.

“வேணாம்க்கா. அக்கறையில்லாம செய்யறதுக்குச் செய்யாமலே இருக்கலாம். இனிமே நீங்க வர வேண்டாம்.”

பச்சையம்மாள் ஈர முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

“சரி பாப்பா. இந்த ஒண்ணை மட்டும் கொட்டிடாதே.”

வேறு கசடு கையில் இல்லாததால் தேவிப்ரியா அதையே எண்ணெய் கலந்த கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டுகளில் தடவி வைத்தாள்.

நாலாம் நாள், ஒரு தட்டில் பொட்டு மாதிரி வளர்ந்திருந்த ஈஸ்டைச் சுற்றி எண்ணெய் முழுக்கக் கரைந்து தெளிவாகியிருந்தது. அவளுடைய பேராசிரியர் சக்கரபாணி திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் பேப்பரில் வந்தது. “எங்க கழிவுக்கும் ஒரு வழி பண்ணுங்க” என்று மில் முதலாளியே கூப்பிட்டு அனுப்பினார்.

தேவிப்ரியா ஸ்வீட் பாக்ஸோடு போனாள். மில் கணக்கர் அப்பாசாமியிடம் முதலில் கேட்டது பச்சையம்மாளைத்தான்.

“அவங்களைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா? அன்னைக்குக் கடுமையா பேசி அனுப்பிட்டேன். மன்னிப்புக் கேக்கணும்.”

“அவங்க இப்ப இங்க இல்லையேம்மா. ஆவணியிலேயே நிறுத்தியாச்சு. மூணாவது வாட்டி கசடு எடுத்தப்ப முதலாளி பார்த்துட்டாரு. திருட்டுன்னுட்டாரு.”

“இல்லைங்க. கார்த்திகை வரைக்கும் அவங்க எனக்கு...”

அப்பாசாமி பின்பக்க மதிலைக் காட்டினார்.

“அதுக்கப்புறமும் வாராவாரம் வருவாங்க. மதிலுக்கு அந்தாண்ட, கழிவு விழற வாய்க்கால்ல இடுப்பளவு சேத்துல இறங்கி எதையோ அள்ளிக்கிட்டு நிப்பாங்க. வேலை போன துக்கத்துல புத்தி கலங்கிடுச்சுன்னு நாங்க நெனைச்சோம்.”