பழைய ஏசியின் கறை

குழந்தைக்கு இளைப்பு நிற்கவில்லை. காற்றைச் சுத்தம் செய்கிற புது ஏசியை மாட்டிவிடலாம் என்று முடிவானதும், பழையதை இறக்க ஒத்தாசைக்கு வந்து நின்றவன் சுகிர்தாவின் கொழுந்தன் தணிகைவேல். அவன் மொட்டைமாடியில் பிடிக்கிற சிகரெட்தான் பிள்ளையின் நெஞ்சை அடைக்கிறது என்று அவள் வாய்க்கு வந்தபடி பேசியதில், போன சித்திரையில் பெட்டியோடு வீட்டைவிட்டு மேன்ஷன் அறைக்குப் போனவன்.

மெக்கானிக் பழைய ஏசியைத் திறந்தார். உள்ளே தார் பூசியதுபோல் கறுப்புப் பிசுக்கு.

"சிகரெட் புகையாத்தான் இருக்கும்," என்றாள் சுகிர்தா அவசரமாக.

"சிகரெட்டா? மோந்து பாருங்கக்கா. கும்முனு சாம்பிராணி!"

தலைக்கு ஊற்றிய பிள்ளைக்குச் சளி பிடிக்கக்கூடாது என்று தினமும் சாம்பிராணி காட்டுகிறவள் அவள்தான். அதையும் இந்த அறையில், குளிர்ச்சி வெளியே போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு.

அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தணிகைவேல் மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தான். "நான் பிடிக்கிறதே சாம்பிராணி சிகரெட்டுதாங்க. பேசாம கழட்டுங்க."

பழைய ஏசியைத் தாங்கி இறக்கியதில் அவன் கைகள் முழங்கைவரை கறுத்துப்போயின. "அண்ணி, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

சோப்புப் போட்டும் பிசுக்கு விடவில்லை. "போதும் அண்ணி. மேன்ஷன்ல போய்த் தேச்சுக்கிறேன்."

"இன்னும் போகல," என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல். காலியான செம்பை மறுபடியும் வாளிக்குள் அமிழ்த்தினாள்.