கறிவேப்பிலை விழும் நேரம்

ஏரித் தண்ணீருக்குள் ஒரு மண்புழு தூண்டில் முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தது. கெளுத்தி மீன் ஒன்று வாயைத் திறந்துகொண்டு வந்தது.

“நில்லுங்க மாமா! எனக்குள்ளே இரும்பு முள் இருக்கு.”

“என் சாப்பாடெல்லாம் இப்படித்தான் ஏதாவது சொல்லும். நேத்து ஒரு தவளை தனக்குக் காய்ச்சல்னுச்சு.”

ஆனாலும் கெளுத்தி உற்றுப் பார்த்தது. முள்ளின் நுனி தெரிந்தது.

“மேலே இருக்கிற ஞானவேல் சாரோட டப்பாவுல நாலு நாள் குடியிருந்தவன் நான்,” என்றது புழு. “இப்போ கடிச்சா உடனே தூக்கிடுவார். சாப்பிடும்போது மட்டும் தூண்டிலைக் கீழே வெச்சிடுவார். அப்போ என்னைப் பக்குவமா உருவிடுங்க.”

“அவர் சாப்பிடுறது எனக்கு எப்படித் தெரியும்?”

“கறிவேப்பிலை அவருக்குப் பிடிக்காது. பொறுக்கித் தண்ணியில எறிவார்.”

இரண்டும் அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தன. ஒரு மணி நேரம் கழித்து ஒரு கறிவேப்பிலை வந்து விழுந்தது. கெளுத்தி புழுவை மெதுவாக உருவிச் சேற்றில் வைத்தது.

“இப்போ முள் இல்லையே,” என்று மறுபடியும் வாயைத் திறந்தது.

“இல்லைதான். ஆனா நாளைக்கும் முள்ளில்லாம சாப்பிட வேணாமா? நாளைக்குக் கறிவேப்பிலை விழாது மாமா. கரையில விடுங்க, விவரம் சொல்றேன்.”

கெளுத்தி வெகுநேரம் யோசித்தது. பிறகு புழுவை மீசையில் உட்காரவைத்துக் கரையில் கொண்டுபோய் விட்டது.

புழு பாதி உடம்பை ஈரமண்ணுக்குள் நுழைத்த பிறகு திரும்பிப் பார்த்தது.

“நாளைக்கு அமாவாசை மாமா. அவர் வரவே மாட்டார்.”