முதல் நிபந்தனை

"பன்னிரண்டு வருஷமா அவங்க நம்மளத் திட்டினதையெல்லாம் மறந்துடலாம்யா. ஆனா, என்னைப் பச்சோந்தின்னு பேச்சு எழுதிக் கொடுத்தானே, அவனை அந்தக் கட்சி துரத்தியே ஆகணும். கூட்டணிக்கு இதுதான் முதல் நிபந்தனை. எழுதிக்கோ" என்றார் தலைவர்.

அவருக்கு மேடைப்பேச்சு எழுதித் தரும் எழுத்தர், அதைப் பிழையின்றி எழுதிக்கொண்டார்.

மறுகட்சித் தலைவரும் சளைக்கவில்லை. தம்மை முதலை என்று எழுதியவரை இந்தக் கட்சி நீக்கியாக வேண்டும் என்றார். இரு தரப்பும் விவாதமின்றி ஏற்றன.

வேலையிழந்து வீடு திரும்பிய எழுத்தரிடம் மனைவி பொரிந்தாள்.

"முதலைன்னு எழுதாதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! பொண்ணைக் காலேஜ்ல சேர்த்திருக்கிற நேரம். சரி விடுங்க, அந்தக் கட்சிக்கும் நீங்கதானே ரகசியமா எழுதித் தர்றீங்க? அந்த வேலை இருக்குல்ல?"

எழுத்தர் செருப்பைக் கழற்றினார்.

"பச்சோந்தின்னு எழுதினது வேற யாருன்னு நினைக்கிறே?"