பிடித்து வைத்த இருபதாயிரம்

"கப்பல் இன்னும் நகரவே இல்ல. அதுக்குள்ள இருபதாயிரத்தை உருவிட்டான்."

கட்டிலில் உட்கார்ந்து, கைபேசியை மூக்கருகே பிடித்தபடி மனைவியிடம் சொன்னார் அவர். முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். தெருவில் அவருக்குப் பெயரே 'மீட்டர்'தான். ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் அவருக்கு மூச்சு முட்டும். அது அடுத்தவர் வீடாக இருந்தாலும் சரி.

மகள் சீட்டு எடுத்துக் கொடுத்த நான்கு நாள் கப்பல் பயணம். இருவருக்கும் இதுதான் முதல் தடவை. சாப்பாடும் படுக்கையும் சீட்டில் அடக்கம். மற்ற எதற்கும் அறைக்கதவைத் திறக்கிற அட்டையையே நீட்ட வேண்டும். கடைசி நாளில் மொத்தமாக பில் வரும். அதற்காக ஏறும்போதே அவருடைய வங்கிக் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைத்துவிட்டார்கள்.

"நேரா போய்க் கேட்டுட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் மனைவி ஊரிலிருந்த மகளை போனில் கூப்பிட்டாள். மகள் சிரித்தாள்.

"அம்மா, அது ஹோல்டு. பணம் எங்கேயும் போகல, பூட்டி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். செலவு பண்ணினதை மட்டும் எடுத்துப்பாங்க. மிச்சம் ஒரு வாரத்துல தானா திரும்பிடும். அப்பாகிட்ட சொல்லிடு, பாவம்."

அரை மணி நேரம் கழித்து மீட்டர் திரும்பி வந்தார்.

"தரமாட்டாங்களாம். எடுத்தது எடுத்ததுதானாம்."

பாதி கேட்கும்போதே சண்டைக்குப் பாய்கிற மனிதர், மீதியைக் காதில் வாங்கியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"கொடுத்த பணத்தை அவனுக்கே விட்டுட்டா போக முடியும்? கிளம்பு. கீழ ஒரு காபிக் கடை இருக்கு" என்றார் அவர்.

காசு கொடுத்துக் காபி. அதுவும் சாப்பாட்டுக் கூடத்தில் சும்மா காபி கிடைக்கும்போது. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து பிடித்தது யோகம். அகல விளிம்பு வைத்த தொப்பி ஒன்றை அவள் சும்மா தொட்டுப் பார்த்தாள்; அடுத்த நிமிடம் அது அவள் தலையில் இருந்தது. தையல் மிஷினை மிதித்து மிதித்து வீங்கிய அவள் கால்களை ஒரு பெண் எண்ணெய் போட்டு அமுக்கிவிட, வாசலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார் மீட்டர், சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம்கூடக் குறையக் கூடாது என்று. நடன வகுப்பில், ரீடிங் எடுக்கிற பழக்கத்தில், ஒவ்வொரு அடியையும் சத்தமாக எண்ணிக்கொண்டே ஆடினார். மற்றவர்களும் கூடச் சேர்ந்து எண்ணினார்கள்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்று அவள் பழக்க தோஷத்தில் கேட்பாள்.

"இன்னும் ஆறாயிரம் இருக்கு. வீணாப் போகட்டுமா?"

கப்பலின் புகைப்படக்காரர் எடுத்த படத்தையும் வாங்கினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட முதல் படம். அதில் மீட்டருக்குப் பல் தெரிந்தது.

ஆனால் படத்தைப் பெட்டியில் வைக்கும்போது அவளுக்குக் கடைசி நாள் பில் ஞாபகம் வந்தது. பில் வந்தால் குட்டு உடையும். பணம் திரும்பி வந்திருக்கும், நாம்தான் வாரி இறைத்தோம் என்று தெரிந்தால் மனிதர் இந்த நான்கு நாளையும் சேர்த்துச் சபிப்பார். குடித்த காபிகூடக் கசந்துபோகும்.

கடைசி நாள் காலை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, பெட்டியின் அடியிலிருந்த தன் பர்ஸை எடுத்தாள். மூன்று வருடத் தையல் காசு. மோட்டார் வைத்த மிஷின் வாங்கச் சேர்த்தது. பூட்டின வீட்டில் விட்டு வரப் பயந்து கையோடு கொண்டுவந்திருந்தாள்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்து, "பதினெட்டாயிரத்து முந்நூறும்மா" என்றாள்.

"இதுல எடுத்துக்கோம்மா. அவர் கார்டைத் தொடாத. அவருக்கு பில்லும் போகக் கூடாது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது வெறும் ஹோல்டுன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்."

அந்தப் பெண் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு பர்ஸை அவள் பக்கமே தள்ளினாள்.

"யாருக்கு, சாருக்கா? முதல் நாளே இங்க நின்னு, செலவு பண்ணலைன்னா முழுசா திரும்பிடுமான்னு மூணு தடவை கேட்டு, எழுத்துல வாங்கிக்கிட்டுப் போனார்மா. போகும்போது, 'என் சம்சாரம் வந்து கேட்டா மட்டும், திரும்பி வராதுன்னு சொல்லிடும்மா. முப்பத்தெட்டு வருஷமா அவகிட்ட வேண்டாம் வேண்டாம்னே சொன்ன வாய் இது. வாங்கிக்கோன்னு சொல்லக் கூச்சமா இருக்கு'ன்னார்."

அறைக்கு அவள் திரும்பியபோது மீட்டர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "எங்க போன? பில் வந்துடுச்சா?" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வந்துச்சு. இன்னும் ஆயிரத்து எழுநூறு மிச்சம் இருக்காம். வீணாப் போயிடுமாம்" என்றாள் அவள், முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு.

மீட்டர் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.