இரவல் குரல்

விசாவில் வந்த மாணவர்கள் அரசியல் பேசக் கூடாது என்று சட்டம் வந்த மறுவருடமே, ஓஹையோவிலிருக்கும் எங்கள் கல்லூரியில் குரலை இரவல் கொடுக்கும் வழக்கமும் வந்துவிட்டது. நாங்கள் எழுதிக் கொடுப்பதைக் குடியுரிமை உள்ள ஒருவர் மேடையில் வாசிப்பார்.

எனக்கு வாசிப்பவள் என் அறைத்தோழி தாரிணி. டல்லாஸில் பிறந்த தமிழ்ப்பெண். அரசியலில் எனக்கு நேர் எதிர்.

குடியேற்றப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் விடுதிக்குள் வரலாமா என்று அன்று விவாதம். வரலாம் என்பது அவள் கட்சி. ஆனாலும் என் மூன்று பக்கத்தையும் மேசையைத் தட்டித் தட்டி வாசித்தாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, தன் பெயரில் அதையே மறுத்துப் பேசினாள். நான்கு ஓட்டு வித்தியாசத்தில் என் பக்கம் ஜெயித்தது.

அறைக்கு வந்ததும் சொன்னாள்: "நீ ஆதாரமா காட்டின கோர்ட் தீர்ப்பு போன மாசமே ரத்தாயிடுச்சு. வேற தீர்ப்பு தேடி மாத்தி வாசிச்சேன்."

"அப்படியே விட்டிருந்தா நீ ஜெயிச்சிருப்பியேடி!"

"உன்னால எந்திரிச்சு பதில் சொல்ல முடியாதே. அப்படிச் சொல்ல முடியற நாள் வரும்ல, அன்னைக்குத் தப்பா எழுது. சும்மா விட மாட்டேன்."